சோபாவில் மெலியும் பேஸ், பின்சுவரில் முழங்குவது ஏன்?

கேள்வி: எங்கள் வீட்டு மாடியில் 16 அடி நீளமும் 12 அடி அகலமும் உள்ள அறையை ஹோம் தியேட்டராக மாற்றியிருக்கிறேன். பேஸ் எனும் தாழ்ந்த ஒலிகளுக்கான 10 அங்குல ஸ்பீக்கரை, அதாவது சப்வூஃபரை, திரைக்கு அருகே மூலையில் வைத்திருக்கிறேன். அறையின் நடுவில் உள்ள சோபாவில் பேஸ் மெலிந்துவிடுகிறது. பின்சுவரை ஒட்டி அம்மா உட்காரும் நாற்காலியிலோ காதை அடைக்கிறது. 15 அங்குலம் வாங்கினால் சரியாகுமா?
- வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: தயவுசெய்து வாங்காதீர்கள். சோபாவில் உள்ள மெலிவு பெரும்பாலும் அப்படியே இருக்கும். அம்மாவின் பாடுதான் மேலும் திண்டாட்டமாகும். 16 அடி நீள அறையில் சுமார் 35 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 35 அதிர்வு) ஒலி முன்சுவருக்கும் பின்சுவருக்கும் இடையே மோதித் திரும்பி, சுவரோரங்களில் வலுத்தும் நட்டநடுவில் ஏறக்குறைய இல்லாமலும் நின்றுவிடுகிறது. ஜிப்சம் பலகைச் சுவர்கள் பேஸின் ஒரு பகுதியை வெளியே விட்டுவிடும். நம் ஊர்ச் செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் அதை உள்ளேயே திருப்பியடிப்பதால் இங்கே இந்தத் தொல்லை கூடுதல். ஈக்வலைசரில் (ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் கூட்டிக் குறைக்கும் அமைப்பில்) ஏற்றியும் அந்தப் பள்ளத்தை நிரப்ப முடியாது, ஆம்ப்ளிஃபயர்தான் திணறும்.

முதலில் சோபாவை இரண்டு, மூன்று அடி பின்னுக்குத் தள்ளுங்கள். பிறகு சப்வூஃபரையே தூக்கிச் சோபாவின் மேல் வைத்து, நன்கு பழகிய பேஸ் கிட்டார் பாடல் ஒன்றை ஓடவிட்டு, சுவரோரமாக முட்டி போட்டு நகர்ந்தபடி கேளுங்கள். சில இடங்களில் எல்லாச் சுரங்களும் ஒரே 'டம்'மாகக் குழம்பும். ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக, ஒரே அளவில் கேட்கும் இடம் எதுவோ அதுவே சப்வூஃபருக்கு உரிய இடம். அங்கே வைத்தபின் ரிசீவரில் கிராஸோவரை (எந்த அளவுக்குக் கீழுள்ள ஒலி சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்னும் எல்லையை) 80 ஹெர்ட்ஸில் நிறுத்தி, சப்வூஃபரின் ஒலி அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் சுவிட்சை 0, 180 டிகிரி என மாற்றிப் பார்த்து, சோபாவில் பேஸ் நிறைவாகக் கேட்கும் நிலையை வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்குப் பிறகும் செலவழிக்க மனமிருந்தால், இதே 10 அங்குலத்தில் இன்னொன்றை வாங்கி, ஒன்றை முன்சுவரின் நடுவிலும் மற்றதைப் பின்சுவரின் நடுவிலும் வையுங்கள். இரண்டும் சேர்ந்து அந்த 35 ஹெர்ட்ஸ் முழக்கத்தை எழவிடாமல் அடக்கிவிடும் என்பதால், அம்மாவின் நாற்காலிக்கும் உங்கள் சோபாவுக்கும் உள்ள வேறுபாடு நன்றாகவே குறையும். சுவரில் ஒட்டும் மெல்லிய ஃபோம் பேஸை அசைக்கக்கூடச் செய்யாது. அதற்குப் பணம் போடவே வேண்டாம்.

கடைசியாக, பேஸ் ஓடும்போது பீரோ கதவையும் சன்னல் கண்ணாடியையும் கையால் அழுத்திப் பாருங்கள். கரகரப்பு நின்றால், அந்த இடுக்கில் ரப்பர் பட்டை ஒட்டினாலே போதும்.