படம் எழுத்தை மறைக்கிறதா?

கேள்வி: கோயில் கும்பாபிஷேக மலரை இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் அமைக்கிறேன். வாழ்த்துச் செய்தித் தலைப்புகளுக்குப் பின்னால் கோபுரப் படம் வேண்டும். ஆங்கர் செய்தால் (எழுத்தோடு கட்டினால்) படம் எழுத்தின் மேல் ஏறிவிடுகிறது. கீழ் லேயரில் (அடுக்கில்) வைத்தால், எழுத்து நகரும்போது படம் நகர்வதில்லை.
– வாசகர், செந்தூல்

பதில்: ஆங்கர் செய்த படத்துக்குத் தனி லேயர் கிடையாது. எந்த ஃப்ரேமின் எழுத்தோடு கட்டினீர்களோ, அதன் லேயர்தான் அதற்கும். இந்த ஆங்கர் வசதி 2005இல் சிஎஸ்2 பதிப்போடு வந்தது. வேர்டில்கூட 'எழுத்துக்குப் பின்னால்' என்று ஒரு தேர்வு உண்டு. மாதச் சந்தா வசூலிக்கும் அடோபி நிறுவனத்துக்கு இன்டிசைனில் அதை வைக்க இன்னும் மனம் வரவில்லை.

படத்தை மட்டும் கட்டாமல் தலைப்பையும் சேர்த்துக் கட்டுங்கள். தலைப்பைத் தனி டெக்ஸ்ட் ஃப்ரேமில் அடித்து, படத்தின் மேல் வையுங்கள். அந்த ஃப்ரேமுக்கு நிறம் வேண்டாம். இரண்டையும் தேர்ந்து, ஒரே குழுவாக்க கண்ட்ரோல்+ஜி, பிறகு வெட்டி எடுக்க கண்ட்ரோல்+எக்ஸ். செய்தியின் முதல் பத்திக்கு மேல் வெற்றுப் பத்தி ஒன்று விட்டு, அங்கே கர்சரை வைத்து ஒட்டுங்கள். ஆங்கர்டு ஆப்ஜெக்ட் ஆப்ஷன்ஸில் 'அபவ் லைன்' கொடுங்கள். இன்லைனாக (வரிக்குள்ளேயே) விட்டு, லீடிங்கும் (வரி இடைவெளியும்) நிலையான அளவாக இருந்தால், படம் மேல் வரிகளில் முட்டும்.

பின்னணிக்கு வெறும் நிறம் போதுமென்றால் இந்தப் பாடே வேண்டாம். 2015 பதிப்பிலிருந்து பத்தி நிழல் (பேராகிராஃப் ஷேடிங்) வசதி இருக்கிறது; அது எழுத்துக்குப் பின்னால்தான் விழும். அகலம் நெடுவரிசை (column) அளவா, எழுத்தளவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒற்றை வரித் தலைப்புக்கு எழுத்தளவு அழகு. மேல், கீழ் ஆஃப்செட்டை (எழுத்தைத் தாண்டி நிறம் நீளும் அளவை) தனித்தனியே மாற்ற, நடுவிலுள்ள சங்கிலியை அவிழ்க்க வேண்டும். இல்லையேல் நான்கு பக்கமும் சேர்ந்தே வீங்கும். பத்தி ஸ்டைலிலேயே பதிந்துவிட்டால் ஐம்பது உபயதாரர்களுக்கும் ஒரே சொடுக்குதான்.

இதைச் செய்யத் தெரியாமல், பக்கம் முழுவதையும் ஃபோட்டோஷாப்பில் ஜேபெக் ஆக்கித் தரும் 'டிசைன்' இடைத்தரகர்கள் கோலாலம்பூரில் நிறைய. அப்படிச் செய்தால் புள்ளியும் கொம்பும் அச்சில் மழுங்கும். அச்சுக்கு முந்திய இரவில் ஓர் உபயதாரர் பெயரைத் திருத்தவும் வழியிருக்காது. திருத்தத்துக்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள். இன்டிசைனின் ஃபைல் மெனுவிலுள்ள பேக்கேஜில் எழுத்துருவும் படங்களும் ஐடிஎம்எல் (பழைய பதிப்பிலும் திறக்கும்) கோப்பும் சேர்ந்தே வரும். அது கைக்கு வராமல் பாக்கி ரிங்கிட்டைக் கொடுக்காதீர்கள்.

எழுத்துக்கு ஸ்வாட்ச் (நிறங்கள்) பட்டியலின் 'பிளாக்' மட்டும் போடுங்கள். 'ரெஜிஸ்ட்ரேஷன்' கறுப்பைப் போட்டால் நான்கு நிற அச்சுத் தட்டிலும் எழுத்து விழும். தட்டு இம்மி விலகினாலும் சிறு எழுத்துகளுக்கு நிற ஓரம் கட்டிவிடும்.