இரண்டு வயதுப் பிள்ளையோடு ஹிமேஜியும் கியோட்டோவும்

தம்பி, டோக்கியோ வந்து ஆறு மாதம் ஆகிறது, மே மாத விடுமுறையில் இரண்டு வயது மகனோடு நான்கே நாளில் கியோட்டோ, நாரா, ஒசாகா, ஹிமேஜி எல்லாம் பார்த்துவிடலாமா, தள்ளுவண்டி சரிப்படுமா, சாப்பாட்டுக்கு என்ன செய்வது, பிள்ளை அழுதால் முகம் சுளிப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். நாங்கள் டோக்கியோவிலேயே நிஷிகசாயில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறோம். மகளுக்கு இரண்டு வயதானபோது இதே திட்டத்தைத்தான் போட்டோம். எங்கே போய் முட்டிக்கொள்வீர்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

முதல் முட்டல் ஹிமேஜி. ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே நேர்சாலையின் கோடியில் வெள்ளைவெளேரென்று கோட்டை நிற்கும். அதுவரை தள்ளுவண்டி ஜோராகப் போகும். ஆனால் அது 1609ல் கட்டி முடித்த அசல் மரக்கோட்டை. உள்ளே லிஃப்ட் கிடையாது. செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டு, ஏணி மாதிரி செங்குத்தாக நிற்கும் மரப்படிகளில் மாடி மாடியாக ஏற வேண்டும். மகள் என் நெஞ்சோடு கட்டிய குழந்தை கேரியரில் தூங்குகிறாள், ஏறிவிடலாம் என்று நினைத்தேன். மூன்றாவது மாடியில் விழித்துக்கொண்டாள். முன்னாலும் பின்னாலும் கூட்டம், ஏற ஒரு படி, இறங்க வேறு படி. நடுவில் திரும்ப வழியில்லை. அவள் வீறிட, எனக்கு வியர்த்து ஊற்ற, உச்சி வரை போய்த்தான் இறங்கினோம். மேலே என்ன இருந்தது என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்லத் தெரியாது.

அதனால் நீங்கள் இருவரும் ஒருவர் மாற்றி ஒருவர் ஏறுங்கள். மற்றவர் பிள்ளையோடு பக்கத்திலுள்ள கோகோஎன் தோட்டத்தில் இருக்கலாம். அங்கே குளத்தில் கை நீள மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு வரும். அவனுக்குக் கோட்டையைவிட அதுதான் பெரிய காட்சி. கோட்டைக்குள் எல்லோரும் சேர்ந்து போயே தீர வேண்டும் என்றால் ஒசாகா போங்கள். 1931ல் கான்கிரீட்டில் எழுப்பியது, ஐந்தாவது மாடி வரை லிஃப்ட் இருக்கிறது. உண்மையைச் சொன்னால் அது கோட்டை வேஷம் போட்ட அருங்காட்சியகம்தான். ஆனாலும் முதுகு வலிக்காது.

என்னைக் கேட்டால் இந்த வயதுக்குப் பொருத்தமான கோட்டை கியோட்டோவின் நிஜோ. 1603ல் தொகுகாவா இயெயாசு கட்டியது. உயரக் கோபுரம் இல்லை, மாளிகை முழுக்க ஒரே தளம், சுரங்க ரயிலில் இறங்கினால் வாசலிலேயே விடும். தள்ளுவண்டியை மட்டும் மாளிகைக்கு வெளியே விட வேண்டும். அங்கே தரைப்பலகை மிதிக்கும்போதெல்லாம் கீச்சிடும், ‘பாடும் பறவைத் தரை’ என்பது மாதிரி ஒரு பெயர் சொல்வார்கள். எங்கள் மகள் சுவர் ஓவியம் ஒன்றையும் பார்க்கவில்லை. நான்கு அடி நடப்பாள், குனிந்து பலகையைக் கேட்பாள், மறுபடி நடப்பாள். பின்னால் வந்த பாட்டிமார் ‘கவாயீ’ (எவ்வளவு அழகு) என்று சிரித்தார்கள். அழுகையைப் பற்றிக் கேட்டீர்களே, அதுவும் இப்படித்தான். கோயில்களில் யாரும் கண்டுகொள்வதில்லை. ரயிலில்தான் கொஞ்சம் கவனம் வேண்டும். பெட்டிகளுக்கு நடுவே உள்ள இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள், ஒரு ‘சுமிமாசென்’ (மன்னிக்கணும்) சொல்லுங்கள், போதும்.

கோயில் வளாகங்களில் வேறொரு விஷயம், சரளைக்கல். சின்னச் சக்கரம் அதில் புதைந்து நின்றுவிடும். பிள்ளைகளோ அங்கேயே உட்கார்ந்துவிடுவார்கள். மகளின் சட்டைப்பை நிறையக் கோயில் கல், ஒவ்வொன்றாகத் திரும்ப வைக்க வைத்தேன், அரை மணி நேரம். கியோமிசு கோயிலுக்கு சன்னென்சாகா வழியாகப் போனால் கல்படிக்கட்டு. தள்ளுவண்டி இருந்தால் சரிவுப்பாதை வழியாகப் போங்கள், காலை எட்டுக்குள் போனால் கூட்டமும் இருக்காது. ஃபுஷிமி இனாரி கோயிலில் முதல் சிவப்பு வளைவு வரிசையோடு திரும்பிவிடுங்கள். மேலே மலை, முழுக்கப் படி.

நாராவை விட்டுவிடாதீர்கள். தோதாய்ஜி கோயிலின் பெரிய புத்தருக்கு 752ல் கண் திறந்தவர் நம் இந்தியாவிலிருந்து போன போதிசேனர் என்ற துறவி. நிலநடுக்கமும் தீயும் பார்த்து, இப்போதிருக்கும் தலை பிற்காலத்தில் வார்த்தது. ஆனாலும் அங்கே நின்றபோது எனக்குச் சிலிர்த்தது. மான்கள் விஷயத்தில் மட்டும் உஷார். உங்கள் இடுப்புயர மான் அவனுக்கு முகத்துக்கு நேரே நிற்கும். மான் பிஸ்கட்டை நீங்கள் வாங்கிக் கொடுங்கள், அவன் கையில் தராதீர்கள். தீர்ந்ததும் வெறும் உள்ளங்கையை விரித்துக் காட்டினால் பெரும்பாலும் போய்விடும்.

சாப்பாடு ஒரு பிரச்சினையே இல்லை. கொன்பினி என்கிற மூலைக்கு மூலை இருக்கும் சின்னக் கடைகளில் வேகவைத்த சோறு சின்னப் பெட்டியில் கிடைக்கும், கேட்டால் அங்கேயே சூடு பண்ணித் தருவார்கள். இனிப்பில்லாத தயிர் ஒன்று வாங்கிக் கலந்தால் தயிர்சாதம். கையில் உப்புப் பொட்டலம் இருக்கட்டும். சைவம் என்றால் உதோன் நூடுல்ஸ் சூப்பில் மீன் சாறு இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். குப்பைத்தொட்டி தேடித் தேடிக் கிடைக்காது, டயப்பருக்கு இறுக்கி முடிகிற பை நாலைந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் திட்டம். நான்கு நாளில் நான்கு ஊர் வேண்டாம். கியோட்டோவிலேயே தங்கி, ஒரு நாள் நாரா, ஒரு நாள் ஹிமேஜி, காலையில் ஓர் இடம், மதியம் அறையில் தூக்கம். பாய் விரித்த தத்தாமி அறை கிடைத்தால் கட்டிலிலிருந்து விழுவானோ என்ற பயமில்லை. பெட்டியைத் தக்கியூபின் என்கிற பார்சல் சேவையில் இரண்டு நாள் முன்னாலேயே விடுதிக்கு அனுப்பிவிட்டு, கேரியரையும் மடிக்கிற வண்டியையும் மட்டும் எடுத்துப்போங்கள். அந்த மே விடுமுறை வாரத்தில் நொசொமி புல்லட் ரயிலில் எல்லா இருக்கையும் முன்பதிவுதான், சீக்கிரம் போடுங்கள். மடியில் வைத்துக்கொண்டால் அவனுக்கு டிக்கெட் வேண்டாம். போகும்போது ‘ஈ’ ஜன்னல் பக்கம் கேளுங்கள், முக்கால் மணி நேரத்தில் ஃபுஜி தெரியும். அவன் அப்போதுதான் தூங்கியிருப்பான், எழுப்பிவிடாதீர்கள்.