மகனுக்கும் மாமனாருக்கும் ஒரே டெஸ்ட் போதுமா?

கேள்வி: என் மகனுக்கு வயது 9. இன்று படித்தது நாளைக்கு நினைவிருப்பதில்லை. மாமனாருக்கு 71. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார், சாப்பிட்டதையே மறந்துவிடுகிறார். இருவருக்கும் நினைவாற்றல் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். இணையத்தில் கிடைத்த ஒரு டெஸ்டை மகனுக்கு வைத்துப் பார்த்தேன். எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்வதில் ஐந்தைத் தாண்டவில்லை. பயமாக இருக்கிறது. இருவருக்கும் ஒரே டெஸ்ட் போதுமா?

பதில்: முதலில் அந்த ஐந்தைப் பற்றிய பயத்தை விடுங்கள். ஒன்பது வயதில் அது இயல்புதான். பெரியவர்களே ஆறு, ஏழு எண்களோடு நின்றுவிடுவார்கள். அதோடு, அந்தப் பயிற்சி காட்டுவது சில நொடிகள் மனத்தில் பிடித்து வைக்கும் திறனை மட்டுமே. நேற்றுப் படித்த பாடம் ஏன் நிற்கவில்லை என்பதற்கு அதில் பதில் இருக்காது.

அதற்கு வேறு சோதனைகள் உண்டு. சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஆந்த்ரே ரேயின் சொற்பட்டியல் சோதனையில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 15 சொற்களை வாசித்துவிட்டு, நினைவில் உள்ளதைச் சொல்லச் சொல்வார்கள். அதே பட்டியலை ஐந்து முறை வாசிப்பார்கள். பிறகு வேண்டுமென்றே வேறொரு பட்டியலைக் கொடுத்துக் குழப்பிவிட்டு, முதல் பட்டியலைக் கேட்பார்கள். இருபது, முப்பது நிமிடம் கழித்து, திரும்ப வாசிக்காமலே இன்னொரு முறை கேட்பார்கள். கடைசியில் பல சொற்களைக் கலந்து சொல்லி, “இது அந்தப் பட்டியலில் இருந்ததா?” என்பார்கள்.

மொத்த மதிப்பெண்ணைவிட, எந்தக் கட்டத்தில் சறுக்குகிறார் என்பதுதான் முக்கியம். முதல் தடவை நாலே சொல் சொன்ன குழந்தை ஐந்தாவது தடவை பன்னிரண்டு சொல்லி, அரை மணி கழித்தும் அதை விடாமல் வைத்திருந்தால், நினைவு நன்றாகவே வேலை செய்கிறது. அப்போது கவனத்தைத்தான் பார்க்க வேண்டும். தானாகச் சொல்ல முடியாமல், கேட்டால் மட்டும் “ஆமாம், இருந்தது” என்று சரியாகச் சொல்பவரிடம் சொற்கள் பதிந்திருக்கின்றன, எடுக்கத்தான் சிரமம். மனச்சோர்விலும் இப்படி வரும். கேட்டும் அடையாளம் தெரியவில்லை என்றால் பதிவே ஆகவில்லை. முதியவர்களிடம் இதைக் கண்டால் மருத்துவர்கள் தள்ளிப்போட மாட்டார்கள்.

ஒரே டெஸ்ட் போதாது. சொற்பட்டியல் மாதிரியான முறையை இரு வயதினருக்கும் வைக்கலாம், ஆனால் மதிப்பெண்ணை அவரவர் வயதினரின் சராசரியோடுதான் ஒப்பிட வேண்டும். 5 முதல் 16 வயது வரை குழந்தைகளுக்கான தனி நினைவு அளவுகோல் இருக்கிறது. வெக்ஸ்லர் நினைவு அளவுகோலின் நான்காம் பதிப்பு 16 முதல் 90 வயது வரைக்கானது. இணைய டெஸ்ட்கள் பலவற்றில் இந்த ஒப்பீடே கிடையாது. அவை சும்மா பயமுறுத்தத்தான் லாயக்கு.

மாமனார் விஷயத்தைத்தான் நான் முதலில் கவனிப்பேன். அவரை உளவியலாளரிடம் அனுப்பும் முன் மருத்துவரிடம் காட்டுங்கள். தைராய்டு, பி12 குறைபாடு, தூக்கமின்மை, சில மாத்திரைகள் எல்லாமே மறதியைக் கொண்டுவரும். காது சரியாகக் கேட்காதவருக்குச் சொற்பட்டியல் வாசித்து என்ன பயன்? மருத்துவமனையில் 30 மதிப்பெண்ணுக்குப் பத்து நிமிடத்தில் ஒரு சோதனை வைப்பார்கள். அது வடிகட்டத்தான், அதை வைத்து நோய் இன்னதென்று முடிவு செய்ய முடியாது. குறைவாகப் படித்தவர்கள் நோய் இல்லாமலே அதில் குறைந்த மதிப்பெண் வாங்குவதுண்டு. நன்றாகப் படித்தவர் ஆரம்பக் கட்ட மறதியோடும் தேறிவிடலாம்.

ரிவர்மீட் என்ற சோதனை அன்றாட வாழ்க்கையை ஒட்டியது. உங்கள் பொருள் ஒன்றை வாங்கி ஒளித்து வைத்துவிடுவார்கள். முடிவில் அதை நீங்களாக நினைவு வைத்துக் கேட்க வேண்டும். வீட்டில் நடக்கும் மறதிக்கு இது ரொம்ப நெருக்கம்.

தயவுசெய்து வீட்டில் பயிற்சி கொடுத்து அனுப்பாதீர்கள். ஒருமுறை பார்த்த டெஸ்டில் அடுத்த முறை மதிப்பெண் தானாக ஏறும், உண்மை நிலை தெரியாமல் போகும். தூங்கி எழுந்த தெளிவோடு, கண்ணாடி, காது கருவி இருந்தால் அவற்றோடு, அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த மொழியில் சோதனை நடக்கட்டும்.

போகும்போது மகனின் நோட்டுகளைக் கொண்டுபோங்கள். மாமனார் எதை, எப்போது மறந்தார் என்று இரண்டு வாரம் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அறிக்கை கையில் கிடைத்ததும், “பதிவதில் சிக்கலா, தங்குவதிலா, எடுப்பதிலா?” என்று நேராகவே கேளுங்கள்.