தெரு மரமும் அதன் காலடி மண்ணும்: கேள்வி பதில்

வேளச்சேரி வாசகர்: கார்பனை அதிகம் பிடிக்கும் தெரு மரம் எது?

காய்ந்த கட்டையின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். 100 கிலோ கட்டை என்றால் 50 கிலோ கார்பன்; ஆக்சிஜன் எடையும் சேர்த்தால், சுமார் 183 கிலோ கார்பன் டை ஆக்சைடு காற்றிலிருந்து வந்திருக்கிறது. ஆனால் மரம் நிற்க வேண்டுமே! 2016 டிசம்பர் வர்தா புயலில் சென்னைத் தெருக்களில் குல்மோஹரும் பெருங்கொன்றையும் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தோம். என் தேர்வு புங்கன், வேம்பு. அடிமரத்தைச் சுற்றி சிமென்ட் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

தாம்பரம் வாசகி: புங்கனால் மண்ணுக்கு என்ன லாபம்?

நல்ல கேள்வி. புங்கன் அவரைக் குடும்பம். வேர்முடிச்சில் வாழும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தரும். இலையிலும் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், உண்டு; சீக்கிரம் மக்கும். எங்கள் தெருப் புங்கனடியில் சருகைக் கையால் விலக்கிப் பார்த்தேன். மேலே மொறமொறவென்று புது இலை, அதன் கீழே நரம்பு மட்டும் மிஞ்சிய இலை, அடியில் கறுப்பாக, ஈரமாக, பொலபொலவென்று மண். சவுக்கும் நைட்ரஜனைப் பிடிக்கும் மரம்தான். ஆனால் அதன் சருகு மெத்தை மாதிரி அப்படியே கிடக்கும், மக்க நாளாகும்.

வேளச்சேரி வாசகர்: சருகு மக்கினாலும் கார்பன் டை ஆக்சைடு வரும், எரித்தாலும் வரும். அப்புறம் என்ன வித்தியாசம்?

வரும், மறுக்கவில்லை. மண்ணிலுள்ள நுண்ணுயிரும் வேரும் மூச்சு விடுகின்றன. ஆனால் எரித்தால் அரை மணியில் அத்தனையும் புகை, கையில் சாம்பல். மக்கும்போது மெதுவாகப் போகிறது. ஒரு பங்கு களிமண் துகளோடு ஒட்டிப் பல வருஷம் தங்குகிறது. அந்த மண் மழைநீரையும் பிடித்து வைக்கும். தயவுசெய்து சருகை எரிக்காதீர்கள்.

வேளச்சேரி வாசகர்: குவித்து வைத்தால் பாம்பு வருமே?

குவிக்க வேண்டாம், நாலு விரல் உயரத்துக்குப் பரப்புங்கள். பயத்துக்குத் தீக்குச்சி தீர்வில்லை.

அம்பத்தூர் வாசகர்: அரசமரம் இரவிலும் ஆக்சிஜன் விடுமாமே?

விடாது. வெளிச்சம் இல்லாமல் ஒளிச்சேர்க்கை இல்லை.

பெரம்பூர் வாசகர்: கார்பனை அதிகம் இழுப்பது எந்த மரம்?

முதல் பதிலைப் படியுங்கள்.

குரோம்பேட்டை வாசகி: வாசல் வேம்பு வாடுகிறது. சுற்றிலும் டைல்ஸ்.

அதுதான் காரணமாக இருக்கும். வேருக்குக் காற்றும் தண்ணீரும் போகவில்லை. டெல்லி வழக்கொன்றில் 2013-லேயே தேசிய பசுமைத் தீர்ப்பாயம் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் உள்ள கான்கிரீட்டை அகற்றச் சொன்னது. டைல்ஸைப் பெயர்த்து, வேரில் கடப்பாரை படாமல் மண்ணைக் கிளறி, சருகு பரப்பித் தண்ணீர் விடுங்கள்.

போரூர் வாசகர்: மாடித்தோட்டத் தக்காளியில் இலை சுருளுகிறது.

அது என் துறை இல்லை. தோட்டக்கலை அலுவலகத்தில் ஒரு இலையைக் காட்டிக் கேளுங்கள்.