மூணாறு பக்கம் மண்சரிவு ஆபத்து இல்லாமல் வீடு கட்ட இடம் தேட செயற்கைக்கோள் படம் உதவுமா?

உதவும். ஆனால் மனையின் சரிவை மட்டும் பார்த்தால் போதாது, மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மண் பெயர்ந்தது தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்குப் பக்கத்தில் அல்ல, மேலே மலையில். ஓடை வழியாக இறங்கி வந்து 70 பேரைக் கொண்டுபோனது.

இஸ்ரோவின் புவன் இணையதளத்தில் கார்ட்டோசாட் செயற்கைக்கோளின் நில உயரத் தரவு இலவசம். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் போட்டால் சரிவும் நீர் வடியும் பாதையும் வந்துவிடும். கோடையில் காய்ந்து கிடக்கும் ஓடைத்தலைப் பள்ளங்களை, அதாவது ஓடை தொடங்கும் இடத்துப் பள்ளங்களைத்தான் முதலில் குறிக்க வேண்டும். காலங்காலமாக அங்கே மண் சேர்ந்திருக்கும், பெருமழையில் தண்ணீரும் அங்கேதான் கூடும். அந்தப் பள்ளத்துக்கு நேர் கீழே இடம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அப்புறம் மண் ஆழம், பழைய சரிவுத் தடம், புதிதாக வெட்டிய ரோடு, இவற்றையும் பாருங்கள். அந்த உயரத் தரவின் 30 மீட்டர் கட்டத்தில் ரோட்டோர வெட்டு தெரியாது, நடந்து போய்த்தான் பார்க்கணும்.