பௌல் ஆட்டம் எந்த ஊரில்? எப்போது டிக்கெட் போடலாம்?
வாசகர் கேள்வி – பதில்

நவம்பர் பிறந்ததுமே அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பால் ரசிகர்களிடமிருந்து வரும் கடிதங்களில் பாதி ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: "எங்கள் அணி எந்த பௌலுக்குப் போகும்? நாங்கள் எப்போது கிளம்பத் தயாராக வேண்டும்?" பௌல் என்பது சீசன் முடிந்ததும் டிசம்பர், ஜனவரியில் தேர்ந்தெடுத்த அணிகள் பல ஊர்களில் ஆடும் சிறப்பு ஆட்டம். கடிதங்களில் எல்லோருக்கும் பயன்படக்கூடிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

எங்கள் அணிக்கு 6 வெற்றி, 5 தோல்வி. ஓர் ஆட்டம் பாக்கி. பௌல் உறுதியா?
– ஓர் அயோவா வாசகர்

12 ஆட்டங்களில் 6 வெற்றி போதும். ஆனால் அந்த ஆறில் எஃப்சிஎஸ் எனும் கீழ்ப் பிரிவு அணிகளை வென்றது எத்தனை என்று பாருங்கள். அப்படிப்பட்ட வெற்றியில் ஒன்றுதான் கணக்கில் சேரும். இரண்டு இருந்தால் உங்கள் அணிக்கு இன்னும் ஒரு வெற்றி தேவை. தகுதி பெற்ற அணிகள் போதாமல் இடம் காலியானால், 5 வெற்றி மட்டுமே உள்ள அணிகளையும் மாணவர்களின் படிப்புத் தரத்தைக் காட்டும் ஏபிஆர் மதிப்பெண் வரிசைப்படி அழைப்பார்கள். அந்த வாய்ப்பை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

ஒரே வாரத்தில் ஐந்து கணிப்பாளர்கள் ஐந்து ஊர் சொல்கிறார்கள். யாரை நம்புவது?
– ஒரு டென்னசி வாசகர்

ஊரை விடுங்கள், முதலில் வரிசையைப் பாருங்கள். ஒவ்வொரு கான்ஃபரன்ஸுக்கும் (தங்களுக்குள் ஆடும் கல்லூரி அணிகளின் கூட்டமைப்பு) சில பௌல்களோடு ஒப்பந்தம் உண்டு. எஸ்இசி எனும் தென் மாநிலக் கான்ஃபரன்ஸின் அணிகளை எடுத்துக்கொண்டால், பிளேஆஃப்புக்கு (தேசியச் சாம்பியனைத் தீர்மானிக்கும் 12 அணித் தொடர்) போனவை போக மீதியில் முதல் தேர்வு ஆர்லாண்டோவின் சிட்ரஸ் பௌலுக்கு. அதன்பின் டாம்பா, ஜாக்சன்வில், ஹூஸ்டன், மெம்ஃபிஸ், நாஷ்வில் போன்ற ஊர்களின் பௌல்கள் ஒரே தொகுப்பாக நிற்கும். அந்தத் தொகுப்பில் யார் எங்கே என்பதை, பள்ளிகளிடமும் பௌல்களிடமும் விருப்பம் கேட்டுக்கொண்டு, கான்ஃபரன்ஸே ஒதுக்கும். எனவே 8 வெற்றி பெற்ற எஸ்இசி அணிக்கு "நாஷ்வில்தான்" என்று நவம்பரில் ஒருவர் அடித்துச் சொன்னால், அது ஐந்தாறு ஊர்களில் ஒன்றைக் குறிபார்த்துச் சொன்ன ஊகம், அவ்வளவுதான்.

இந்த வரிசை பந்தி மாதிரி. முன்னால் ஒருவர் எழுந்தால் பின்னால் இருப்பவர்கள் எல்லோரும் ஓர் இலை நகர்வார்கள். உங்கள் கான்ஃபரன்ஸிலிருந்து மூன்று அணி பிளேஆஃப்புக்குப் போகுமா, நான்கு போகுமா என்பதுதான் உங்கள் அணியின் ஊரைத் தீர்மானிக்கும். நான்கு போனால் உங்கள் அணி ஒரு படி மேலான பௌலுக்கு ஏறும். அதனால் உங்கள் அணி ஆடாத சனிக்கிழமையிலும், அதே கான்ஃபரன்ஸின் முதல் ஐந்து அணிகள் ஆடும் ஆட்டங்களைக் கவனியுங்கள்.

வெற்றி எண்ணிக்கைக்கு அப்பால் மூன்று விஷயங்கள் முடிவை மாற்றுகின்றன. சீசனில் ஏற்கெனவே மோதிய இரு அணிகளை மறுபடி மோதவிடத் தயங்குவார்கள். சென்ற ஆண்டு போன ஊருக்கே அதே அணியை அனுப்பவும் தயங்குவார்கள், ஏனென்றால் ரசிகர்கள் இரண்டாம் முறை குறைவாகவே வருவார்கள். மூன்றாவது, கூட்டம். காரில் எட்டு மணி நேரத்துக்குள் வரக்கூடிய ரசிகர் படை உள்ள அணி, ஒரு வெற்றி குறைவாக இருந்தாலும் மேலே இழுக்கப்படும். சில கான்ஃபரன்ஸ்கள் இதற்கு எல்லை வைத்து, வெற்றி வித்தியாசம் ஒன்றுக்கு மேல் இருந்தால் தாண்டிப் போகக் கூடாது என்கின்றன. உங்கள் கான்ஃபரன்ஸில் அந்த விதி உண்டா என்று தெரிந்தாலே பாதிக் கணிப்புகள் தானாக உதிர்ந்துவிடும்.

மேற்குப் பகுதியின் பழைய பேக்-12 கான்ஃபரன்ஸ் அணிகள் பற்றியும் ஒரு வார்த்தை. ஆரெகன், வாஷிங்டன், யூட்டா போன்றவை 2024-இல் வேறு கான்ஃபரன்ஸுக்குப் போன பிறகும், 2025 சீசன் வரை பழைய பேக்-12 ஒப்பந்த பௌல்களிலேயே வைக்கப்பட்டன. அந்த இரண்டு ஆண்டுகளின் பட்டியலைப் பார்த்து இனி கணிப்பவர் தவறுவார்.

எவ்வளவு கவனமாகப் பார்த்தாலும் கடைசி நாள் எல்லாவற்றையும் புரட்டிப்போடும். 2025-இல் ஏசிசி கான்ஃபரன்ஸின் சாம்பியன் ஆன டூக் அணிக்கு ஏற்கெனவே ஐந்து தோல்வி. சாம்பியன் பட்டம் கையில் இருந்தும் பிளேஆஃப்பில் இடம் கிடைக்காமல் எல் பாசோவின் சன் பௌலுக்குப் போனது. அதே நாளில் 10 வெற்றி, 2 தோல்வியோடு இருந்த நோட்டர் டேம், பிளேஆஃப் பட்டியலில் ஓர் இடத்தில் விடுபட்ட அணியாகி, வேறு பௌலே வேண்டாம் என்று விலகியது.

ஆர்லாண்டோ என்று உறுதியாகச் சொல்கிறார்கள். ஹோட்டல் போட்டுவிடலாமா?
– ஒரு பென்சில்வேனியா வாசகர்

எந்த ஆர்லாண்டோ என்று முதலில் கேளுங்கள். ஒரே கேம்பிங் வேர்ல்டு ஸ்டேடியத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பௌல் நடக்கிறது. பாப்-டார்ட்ஸ் பௌல் ஏசிசி, பிக் 12 கான்ஃபரன்ஸ் அணிகளுக்கு. 2024-இல் டிசம்பர் 28, 2025-இல் டிசம்பர் 27. சிட்ரஸ் பௌல் எஸ்இசி, பிக் டென் கான்ஃபரன்ஸ் அணிகளுக்கு. இரண்டு ஆண்டுமே டிசம்பர் 31. உங்கள் அணியின் கான்ஃபரன்ஸ் தெரிந்தால் தேதியும் தெரிந்துவிடும்.

ஊர்ப் பெயரில் ஏமாறுவது பலமுறை நடக்கிறது. காட்டன் பௌல் ஆட்டம் 2010-லேயே டாலஸ் ஃபேர் பார்க்கில் உள்ள காட்டன் பௌல் ஸ்டேடியத்தை விட்டு ஆர்லிங்டனுக்குப் போய்விட்டது. ஃபியஸ்டா பௌல் நடக்கும் கிளெண்டேல் அரிசோனாவில் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் அருகே இன்னொரு கிளெண்டேல் உண்டு, ஹோட்டல் தேடும்போது அது முதலில் வந்து நிற்கும். ஆரஞ்சு பௌல் மயாமி கடற்கரையில் இல்லை. டவுன்டவுனிலிருந்து சுமார் 15 மைல் வடக்கே, மயாமி கார்டன்ஸில். அதற்கு ஃபோர்ட் லாடர்டேல் விமான நிலையமும் சம அளவு வசதி, இரண்டின் விலையையும் ஒப்பிடுங்கள்.

பிளேஆஃப்புக்குப் போனால் எத்தனை பயணம்? எல்லாவற்றுக்கும் போக ஆசை.
– ஓர் ஒஹாயோ வாசகர்

12 அணி முறையில் முதல் நான்கு இடத்தில் இருந்தால் அதிகபட்சம் மூன்று பயணம்: காலிறுதி, அரையிறுதி, இறுதி. 5 முதல் 8 வரை இடம் என்றால் முதல் சுற்று சொந்த மைதானத்தில், டிசம்பர் மூன்றாம் வாரம். 9 முதல் 12 வரை என்றால் எதிரணியின் வளாகத்துக்கும் சேர்த்து நான்கு பயணம். காலிறுதி புத்தாண்டை ஒட்டி, அரையிறுதி ஓரிரு வாரம் கழித்து, இறுதி அதற்கும் பத்து நாள் கழித்து. 2025 சீசனில் அரையிறுதிகள் ஜனவரி 8, 9. இறுதி ஜனவரி 19.

முதல் நான்கு அணிகளுக்கு காலிறுதி பௌல் ஒதுக்கும்போது பழைய உறவைப் பார்ப்பார்கள்: பிக் டென் என்றால் ரோஸ் பௌல், எஸ்இசி என்றால் ஷுகர் பௌல். ஒரே கான்ஃபரன்ஸிலிருந்து இரண்டு வந்தால் மேலே இருப்பதற்கு முன்னுரிமை. 2025-இல் முதலிடம் பெற்ற இண்டியானா ரோஸ் பௌலுக்கும், இரண்டாமிடம் பெற்ற ஒஹாயோ ஸ்டேட் காட்டன் பௌலுக்கும் போனதற்கு அதுதான் காரணம். எந்த பௌல் காலிறுதி, எது அரையிறுதி என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். சீசன் தொடங்கும் முன்பே அது அறிவிக்கப்பட்டுவிடும் என்பதால் உங்கள் கணிப்பை அங்கிருந்து தொடங்குங்கள்.

செலவு பற்றி எங்கள் திடமான கருத்து: கையில் ஒரு பயணத்துக்கான பணமே இருந்தால் காலிறுதிக்குப் போங்கள். முதல் நான்கு இடத்தில் இருந்தால் அந்த ஒரு பயணத்துக்குத்தான் திட்டமிட மூன்று வாரம் கிடைக்கிறது. முதல் நான்கு இடம் பெற்றாலே அடுத்தது நிச்சயம் என்று எண்ணி அரையிறுதிக்குப் பணத்தை ஒதுக்க வேண்டாம். 2024 சீசனில் முதல் நான்கு அணிகளும் – ஆரெகன், ஜார்ஜியா, பாய்சி ஸ்டேட், அரிசோனா ஸ்டேட் – தங்கள் முதல் ஆட்டத்திலேயே தோற்றன.

விமானம், ஹோட்டல் – எதை முதலில், எப்போது?
– ஒரு வர்ஜீனியா வாசகர்

ஹோட்டலை முதலில், அதுவும் நவம்பர் நடுவிலேயே. கணிப்பில் அடிபடும் இரண்டு அல்லது மூன்று ஊர்களிலும் ரத்து செய்யக்கூடிய கட்டணத்தில் அறை பிடியுங்கள். இங்கே இடறுவது ரத்துக் கெடு. சாதாரண நாட்களில் 24 அல்லது 48 மணி நேரம் என்றிருக்கும் கெடு, புத்தாண்டு இரவுக்கு 14 நாள், 30 நாள் என்று நீளலாம். அது தேர்வு ஞாயிறுக்கு (டிசம்பர் தொடக்கத்தில் பௌல் அணிகள் அறிவிக்கப்படும் நாள்) முன்பே முடிந்துவிட்டால் அந்த அறையால் பயனில்லை. குறைந்தது இரண்டு இரவு தங்க வேண்டும் என்ற நிபந்தனையும் அப்போது சகஜம். ஒவ்வொரு கெடு தேதியையும் கைப்பேசி காலண்டரில் போட்டு, தேர்வு ஞாயிறு இரவே வேண்டாத அறைகளை விடுவித்துவிடுங்கள். உங்களைப்போலக் காத்திருக்கும் இன்னொரு ரசிகருக்கு அது கிடைக்கும்.

விமானத்துக்கு இரண்டு வழி. விமான நிறுவனத்தில் சேர்த்த பயண மைல்கள் இருந்தால், அவற்றைத் தண்டமில்லாமல் திருப்பித் தரும் நிறுவனத்தில் முன்கூட்டியே போட்டுவைக்கலாம். பணம் கொடுத்து வாங்குவதானால் தேர்வு ஞாயிறு மதியம் கணினி முன் உட்காருங்கள். கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டங்களுக்கு மறுநாள் அது. பிளேஆஃப் பட்டியல் முதலில் வரும், மற்ற பௌல்கள் அடுத்த சில மணி நேரத்தில் உறுதியாகும். அமெரிக்கப் போக்குவரத்துத் துறை விதிப்படி, பயணத்துக்கு குறைந்தது 7 நாள் முன்பு விமான நிறுவனத்திடமே நேரடியாக வாங்கிய டிக்கெட்டை 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பும், அல்லது பணம் கட்டாமல் 24 மணி நேரம் விலையைப் பிடித்துவைக்க விட வேண்டும். ஆகவே ஊர் 90 சதவீதம் தெரிந்ததும் வாங்கிவிட்டு, மறுநாள் காலை உறுதி செய்யலாம். பயண முகவர் தளங்களில் வாங்கினால் இந்த விதி பொருந்தாது. தேர்வு ஞாயிறுக்கு ஒரு வாரத்துக்குள் நடக்கும் பௌலுக்கும் பொருந்தாது.

ஆட்ட நாள் இரவே திரும்பும் விமானம் வேண்டாம். ஆட்டம் நான்கு மணி நேரத்தை எளிதாகத் தொடும், வாகன நிறுத்தத்தை விட்டு வெளியே வரவே ஒரு மணி நேரம் ஆகும்.

கார் இல்லாமல் சமாளிக்கக்கூடிய ஊர்கள் எவை?
– ஒரு மாணவர், இல்லினாய்

அட்லாண்டா முதலிடம். விமான நிலையத்துக்குள்ளேயே மார்ட்டா ரயில் நிலையம், 2.50 டாலரில் ஃபைவ் பாயிண்ட்ஸ் வந்து மாறினால் மைதானம் அருகே இறங்கலாம். நியூ ஆர்லியன்ஸில் ஃபிரெஞ்ச் குவார்ட்டரிலிருந்து சூப்பர்டோம் ஒரு மைல் நடை. சான் அன்டோனியோவில் ரிவர் வாக் பக்கம் தங்கினால் அலமோடோமுக்கு நடந்தே போகலாம். சான் டியாகோவில் டிராலியின் கிரீன் லைன் ஸ்டேடியம் வாசலில் நிற்கும். இதற்கு நேர்மாறு ஆர்லிங்டனும் அரிசோனா கிளெண்டேலும். இரண்டு மைதானத்துக்கும் ரயில் கிடையாது. நால்வர் சேர்ந்து வாடகைக் கார் எடுப்பதே வழி.

ரோஸ் பௌலும் ஊர்வலமும் ஒரே நாளில் பார்க்க முடியுமா?
– ஒரு மிச்சிகன் வாசகர்

முடியும், பார்க்கவும் வேண்டும். லாஸ் ஏஞ்சலஸ் அருகே பாசடீனாவில் புத்தாண்டு அன்று நடக்கும் ரோஸ் ஊர்வலம் காலை 8 மணிக்குத் தொடங்கும். முந்தைய இரவு 10 மணிக்கே கொலராடோ சாலையை அடைத்துவிடுவார்கள், ஆகவே காரை அதற்குத் தெற்கே விட்டுவிட்டு வடக்கே தங்கினால் மாட்டிக்கொள்வீர்கள். மெட்ரோ ஏ லைனில் வந்து மெமோரியல் பார்க்கில் இறங்குவது சுலபம். விமானத்துக்கு லாஸ் ஏஞ்சலஸின் எல்ஏஎக்ஸ் நிலையத்தை விட பர்பேங்க் நிலையம் அருகில். ஜனவரி 1 ஞாயிறானால் ஊர்வலமும் ஆட்டமும் திங்களுக்கு மாறும், 2023-இல் அப்படித்தான் ஜனவரி 2 அன்று நடந்தது.

மைதானம் 1922-இல் கட்டியது, இருக்கைகள் நெருக்கம். கிழக்குப் பக்கம் உட்கார்ந்தால் பிற்பகல் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். மேற்குப் பக்கம் விலை அதிகம் என்றாலும் அந்தப் பணம் தகும். ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறையும், பிறகு சட்டென்று குளிரும். பிற்பகல் டி-ஷர்ட்டோடு வந்தவர்கள் கடைசிக் கால்பகுதியில் நடுங்குகிறார்கள், ஜாக்கெட் கொண்டுபோங்கள்.

டிக்கெட்டை கல்லூரியிடம் வாங்குவதா, மறுவிற்பனையிலா?
– ஒரு ஜார்ஜியா வாசகர்

நம் ரசிகர்களோடு சேர்ந்து உட்கார வேண்டுமென்றால் கல்லூரி ஒதுக்கீடு. ஆனால் அது கல்லூரிக்குத் தந்த நன்கொடைக்கான புள்ளி வரிசையில் போகும், புதியவருக்கு மேல் மூலைதான் மிஞ்சும். பிளேஆஃப் அல்லாத பௌல்களில் மறுவிற்பனை விலை நாள் நெருங்க நெருங்க இறங்குவதே வழக்கம், கடைசி இரண்டு நாளில் வாங்கலாம். பிளேஆஃப்பில் வேறு கணக்கு: முந்தைய சுற்றில் பெரிய கூட்டமுள்ள அணி தோற்ற அன்றிரவு, முன்பே வாங்கியிருந்த அதன் ரசிகர்கள் விற்க வருவார்கள். அந்தச் சில மணி நேரமே உங்கள் நேரம். 2025 மே முதல் எல்லாக் கட்டணமும் சேர்ந்த விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்பது விதி, ஒப்பிடுவது எளிதாகிவிட்டது.

டிக்கெட்டை அறையிலேயே கைப்பேசி வாலட்டில் ஏற்றிக்கொள்ளுங்கள், வாசலில் இணையம் திணறும். பை தெளிந்த பிளாஸ்டிக்கில், 12க்கு 6க்கு 12 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும்.

நட்சத்திர வீரர்கள் ஆடாமல் விட்டால்? ஆட்டமே நின்றுபோனால்?
– ஒரு ஃபுளோரிடா வாசகர்

இரண்டும் நடக்கின்றன. 2023 டிசம்பரில் தோல்வியே காணாத ஃபுளோரிடா ஸ்டேட், பல வீரர்கள் விலகிய நிலையில் ஆரஞ்சு பௌலில் ஜார்ஜியாவிடம் 63–3 என்று வீழ்ந்தது. 2021 ஹாலிடே பௌல், யுசிஎல்ஏ அணி கோவிட் காரணமாக விலகியதால், தொடங்கச் சில மணி நேரம் இருக்கையில் ரத்தானது. 2018-இல் டாலஸில் ஒரு பௌல் முதல் கால்பகுதியிலேயே மின்னலால் கைவிடப்பட்டது. டிக்கெட் பணம் பற்றி அந்தந்த பௌல் அமைப்பு அறிவிக்கும், ஆனால் விமானத்துக்கும் அறைக்கும் அது பொறுப்பாகாது. எனவே திரும்பும் விமானத்தை மாற்றக்கூடிய வகுப்பில் வாங்குங்கள், பேசிக் எகானமியில் வேண்டாம். வீரர் விலகல் செய்திகள் பெரும்பாலும் தேர்வு ஞாயிறுக்கு அடுத்த இரண்டு வாரங்களில் வரும். ஆட்டக்காரர்களைப் பார்க்கவே போகிறவர், பிளேஆஃப் அல்லாத பௌலுக்கு அதுவரை ஆட்ட டிக்கெட் வாங்காமல் பொறுக்கலாம். விலையும் அப்போது ஏறியிருக்காது.