தடம் மாறி எழுதலாமா? வலைப்பதிவர்களின் கேள்விகளும் பதில்களும்

ரொம்ப வருஷமா சதுரங்கம் பற்றி மட்டும்தான் எழுதுறேன். இப்போ பயணம் பற்றி எழுத ஆசை. இருக்கிற வாசகர்களும் போயிடுவாங்களோன்னு பயம்.

அவர்கள் சதுரங்கத்துக்காக வருகிறார்களா, உங்களுக்காக வருகிறார்களா என்று முதலில் பாருங்கள். கூகுள் சர்ச் கன்சோலில் (உங்கள் தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுளின் கருவி) செயல்திறன் அறிக்கையைத் திறந்து, கடைசி மூன்று மாதத் தேடல் சொற்களை எடுங்கள். (அரிதான சொற்களைக் கூகுள் மறைத்துவிடும், அதனால் கூட்டுத்தொகை இடிக்கும், கவலை வேண்டாம்.) சதுரங்கத் திறப்பாட்டங்களின் (தொடக்க நகர்வு முறைகளின்) பெயர்களே நிறைந்திருந்தால், வந்தவர்கள் விடையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள். பயணக் கட்டுரை அவர்கள் கண்ணிலேயே படாது. உங்கள் பெயரைப் போட்டுத் தேடுபவர்களும் மின்னஞ்சல் வழியாக வருபவர்களும்தான் பழகிய வாசகர்கள். மாற்றத்தைக் கவனிக்கப்போவது இவர்களே.

எழுதலாம். ஆனால் பொருளை மாற்றும்போது நடையை விடாதீர்கள். நடையை மாற்றும்போது பொருளை விடாதீர்கள். இரண்டையும் ஒரே பதிவில் மாற்றினால், எது எடுபடவில்லை என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது.

நடையை மாத்துறதுன்னா எப்படி? சைக்கிள் பழுது பார்ப்பது பற்றிப் படிப்படியா எழுதுவேன். கொஞ்சம் கட்டுரை மாதிரி எழுதிப் பார்க்கணும்.

பலர் சறுக்குவது முதல் வரியில். "இன்று வழக்கத்துக்கு மாறாக ஒரு பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று தொடங்குவார்கள். பொறுத்துக்கொள்ள வேண்டிய பதிவு என்று நீங்களே சொன்ன பிறகு யார் படிப்பார்கள்? அந்த வரியை வெட்டுங்கள்.

உங்களுக்குக் கைவந்த ஒரு நுட்பத்திலிருந்தே புது நடைக்குள் இறங்குங்கள். சைக்கிள் ஓட்டினால் முழங்கால் வலிப்பது பற்றி எழுதுவதாக வைத்துக்கொள்வோம். "உடல்நலம் பேணுவது அனைவருக்கும் அவசியம்" என்று ஆரம்பித்தால் யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். "மிதிகட்டை அடியில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வையுங்கள். கால் நேராக நீளாமல் முழங்கால் மடங்கியே இருந்தால் இருக்கை தாழ்வு, முன்பக்க வலிக்கு அதுவே காரணமாக இருக்கலாம்" என்று ஆரம்பித்தால் பழைய வாசகருக்குக் குரல் பிடிபடும். அதற்கு மேல் பத்திகளை நீட்டலாம், எண்ணிட்ட படிகளைக் கைவிடலாம், கிண்டலும் சேர்க்கலாம். தலைப்பில் மட்டும் விளையாட வேண்டாம். செய்முறையை எதிர்பார்த்துச் சொடுக்கியவருக்குக் கட்டுரை கிடைத்தால் எரிச்சல்தான் வரும்.

வேற விஷயம் எழுதினா கூகுள் தரவரிசை விழுந்துடும்ங்கிறாங்களே, உண்மையா சார்?

ஓரிரு பதிவுகளால் விழும் என்று பயப்பட வேண்டாம். கூகுள் தன் வழிகாட்டுதலில் பதிவர்கள் தங்களையே கேட்டுக்கொள்ளச் சொல்லும் கேள்விகளில் இரண்டு இங்கே பொருந்தும்: தளத்துக்கு முதன்மையான நோக்கம் ஒன்று இருக்கிறதா? ஏதாவது ஒன்று தேடலில் எடுபடும் என்று பல தலைப்புகளில் எழுதிக் குவிக்கிறீர்களா? இரண்டாவதுதான் ஆபத்து. தேடலைக் குறிவைத்து, தெரியாத துறைகளில் மேலோட்டமான பதிவுகளை அடுக்கினால் அதன் பாதிப்பு ஒரு தனிப் பதிவோடு நிற்காது. 2022 ஆகஸ்டில் இதற்கெனக் கூகுள் கொண்டுவந்த அமைப்பு தளம் முழுவதையும் எடைபோட்டது. 2024 மார்ச்சில் அது முதன்மைத் தரவரிசை முறைக்குள்ளேயே சேர்ந்துவிட்டது.

புதுசா ஒரு வலைப்பதிவு தொடங்கணுமா, இதிலேயே போடலாமா?

இதிலேயே, தனி வகையில். எடுத்த எடுப்பில் புதுத் தளம் தொடங்கினால் இரண்டையும் பராமரிக்க முடியாமல் இரண்டும் காயும். வேர்ட்பிரஸில் ஒவ்வொரு வகைக்கும் தனி ஓடை (புதுப் பதிவுகளைச் சந்தாதாரருக்குக் கொண்டுசேர்க்கும் முகவரி) தானாகவே உருவாகும். வகைப் பக்கத்தின் முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடும் 'ஃபீட்' என்ற சொல்லும் ஆங்கில எழுத்தில் சேர்த்தால் போதும். பிளாக்கரில் வகைக்குப் பதிலாக இருக்கும் லேபிளுக்கும் ஓடை உண்டு. பழைய பொருளுக்கு மட்டும் சந்தா வேண்டுமென்பவருக்கு அந்த முகவரியைப் பக்கவாட்டில் கொடுத்துவிடுங்கள்.

புது வகையில் பத்துப் பன்னிரண்டு பதிவுகள் சேர்ந்து, அவற்றுக்கென்று தனி வாசகர் கூட்டம் வந்த பிறகு பிரிக்கலாம். பிரிக்கும்போது பழைய முகவரியிலிருந்து புதியதற்கு 301 நிரந்தரத் திருப்பம் (பழைய முகவரிக்கு வருபவரைத் தானாகப் புதியதற்கு அனுப்பும் ஏற்பாடு) போட்டு, குறைந்தது ஓராண்டு வைத்திருங்கள். பிளாக்கரில் உள்ள திருப்பிவிடும் வசதி அதே வலைப்பதிவுக்குள் மட்டுமே வேலை செய்யும். அங்கே இருப்பவர்கள் இதை முன்கூட்டியே யோசித்துக்கொள்வது நல்லது.

புதுப் பொருள்ல எழுதின பதிவை மின்னஞ்சல்ல அனுப்பினதும் நாலு பேர் சந்தாவிலிருந்து விலகிட்டாங்க. நிறுத்திடவா?

எத்தனை பேரில் நான்கு? 400 பேரில் என்றால் 1 சதவீதம். வழக்கமான பதிவுகளுக்கு எத்தனை பேர் விலகினார்கள் என்று கடைசி ஐந்து மடல்களைப் பாருங்கள். அங்கேயும் இரண்டு மூன்று இருந்தால் இது ஒரு பொருட்டே இல்லை. திறந்தவர்கள் எண்ணிக்கையை நம்பாதீர்கள். ஆப்பிள் மெயிலில் 2021-இல் வந்த தனியுரிமைப் பாதுகாப்பு, வாசகர் படிக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுவதால் மடல் திறக்கப்பட்டதாகவே பதிவாகும். பதில் எழுதியவர்களையும் இணைப்பைச் சொடுக்கியவர்களையும் எண்ணுங்கள். மூன்று பதிவுகளாவது போகட்டும், பிறகு முடிவெடுங்கள்.

அரசியல்?

எழுதுங்கள், தனி வகையில். கருத்துப் பெட்டியை மட்டுறுத்த நேரமில்லையென்றால் அந்தப் பதிவுக்கு மட்டும் மூடிவிடுங்கள்.

எடுபடாத பதிவுகளை அழிச்சிடலாமா?

வெளியிலிருந்து யாராவது இணைப்பு கொடுத்திருக்கிறார்களா என்று சர்ச் கன்சோலில் பார்த்துவிட்டுத் தொடுங்கள். இணைப்பு இருந்தால் பதிவு இருக்கட்டும். முகப்பில் தெரியாமல் வகைக்குள் தள்ளினால் போதும். தேடலில் மட்டும் வரக்கூடாதென்றால் 'நோஇண்டெக்ஸ்' குறி போடுங்கள். அதே பக்கத்தை ரோபாட்ஸ் கோப்பிலும் (தேடுபொறி எந்தப் பக்கங்களுக்குள் வரலாம் என்று சொல்லும் கோப்பு) தடுத்துவிடாதீர்கள். கூகுள் உள்ளே வந்தால்தானே அந்தக் குறியைப் படிக்க முடியும்!